தில்லி பஸ்களும் அடுப்பு வாயுவின் அண்ணனும்

2001 ஏப்ரலில் தில்லியில் பள்ளிக்கூடம் போய்வந்த யாருக்கும் அந்த மாதம் மறந்திருக்காது. எனக்கு அப்போது பதினோரு வயது. பஸ் வராது. அப்பா ஆட்டோ பிடிக்கப் போனால், ஆட்டோக்கள் எல்லாம் எரிவாயு நிலைய வாசலில் வரிசைகட்டி நிற்கும். இரவெல்லாம் வரிசையிலேயே தூங்கி, மறுநாள் சம்பாத்தியத்தையும் இழந்த ஓட்டுநர்கள் உண்டு. எங்கள் வீட்டில் எல்லோரும் சுப்ரீம் கோர்ட்டைத் திட்டினார்கள். கோளாறு வேறு இடத்தில் என்பது பொறியியல் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வழக்கு பழையது. வழக்கறிஞர் எம்.ஸி. மேத்தா 1985-ல் தொடுத்தது. 1998 ஜூலை 28-ல் நீதிமன்றம், 2001 மார்ச் 31-க்குள் தில்லியின் எல்லா பஸ்களும் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவில், அதாவது ஸிஎன்ஜியில், ஓடவேண்டும் என்று உத்தரவிட்டது. கிட்டத்தட்ட மூன்று வருட அவகாசம். அரசாங்கமும் பஸ் முதலாளிகளும் கெடு தள்ளிப்போகும் என்று நம்பிக் காலத்தைக் கழித்தார்கள்.

ஸிஎன்ஜி பெரும்பாலும் மீதேன். சமையல் சிலிண்டரில் இருப்பது இதன் உறவுக்கார வாயுக்கள்தாம். ஆனால் அவை குறைந்த அழுத்தத்தில் திரவமாகிவிடும், மீதேன் சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் வாயுவாகவே இருக்கும். டீஸல் எஞ்சினில் காற்றை அழுத்தினால் போதும், அந்தச் சூட்டிலேயே டீஸல் பற்றிக்கொள்ளும். மீதேன் அப்படிப் பற்றாது, தீப்பொறி வேண்டும். எனவே ஸ்பார்க் ப்ளக் வைத்து, அழுத்த விகிதத்தைக் குறைத்து, எஞ்சினையே மாற்றவேண்டும். இதை நம் ஊர் அசோக் லேலண்டும் டாடாவும் செய்தார்கள்.

நிஜமான சிக்கல் நிரப்புவதில் இருந்தது. ஏறத்தாழ 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்தாலும், ஒரு லிட்டர் ஸிஎன்ஜியின் சக்தி ஒரு லிட்டர் டீஸலில் கால்வாசிதான். அடிக்கடி நிரப்பவேண்டும். குழாய் இணைப்புள்ள 'தாய்' நிலையத்தில் வாயுவை அழுத்தி, லாரியில் சிலிண்டர்களாக ஏற்றி, குழாய் இல்லாத 'மகள்' நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஒவ்வொரு வண்டி நிரப்பும்போதும் சேமிப்பின் அழுத்தம் இறங்கும். பின்னால் வருகிறவருக்கு அரை டாங்கிதான் கிடைக்கும். அவர் சில மணி நேரத்தில் மறுபடி வரிசைக்கு வருவார். ஸெர்வர் திணறும்போது பயனர்கள் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி நிலைமையை மோசமாக்குவதை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். அதே கதை. கம்ப்ரஸர்களும் குழாய்களும் போதாமல் பஸ்களை மட்டும் வாங்கினால் இதுதான் நடக்கும்.

2001 செப்டம்பரில் மத்திய அரசு மஷேல்கர் குழுவை நியமித்தது. புகைக்கு வரம்பு வையுங்கள், எரிபொருளைக் குறிப்பிடாதீர்கள் என்றது குழு. பாடப்புத்தகப்படி சரியான வாதம். ஆனால் மலிவு விலை மண்ணெண்ணெயை டீஸலில் கலந்து விற்ற ஊரில் அந்த வரம்பை யார் காப்பாற்றுவது? வாயுவில் மண்ணெண்ணெய் கலக்கமுடியாது. ஸிஎன்ஜிக்காக வாதாடிய அனில் அகர்வால் 2002 ஜனவரியில் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த ஏப்ரல் 5-ல் நீதிமன்றம் குழுவின் யோசனையை ஒதுக்கிவிட்டு, ஓடும் டீஸல் பஸ் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 500 ரூபாய், 30 நாளுக்குப் பிறகு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. டிசம்பரில் நகர டீஸல் பஸ்கள் மறைந்தன.

பஸ்ஸுக்குப் பின்னால் கரும்புகையில் மூக்கைப் பொத்திக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது நின்றது, அது நிச்சயம். ஆனால் உத்தரவு பஸ், ஆட்டோ, டாக்ஸியோடு நின்றுவிட்டது. சொந்தக் கார்களைத் தொடவில்லை. அவை பெருகிக்கொண்டே போயின, பல டீஸலில். பஸ்ஸில் போகிறவர்கள் வரிசையில் நின்று சம்பாதித்துக் கொடுத்த காற்றைக் காரில் போகிறவர்கள் செலவழித்தார்கள் என்று அப்பா இன்றும் சொல்வார். மீதேன் எரியாமல் கசிந்தால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் என்ற கணக்கை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை.

தில்லிப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் மின்சார பஸ் 2022 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. அதற்கும் முதல் தேவை, டிப்போவில் போதுமான உயர் அழுத்த மின் இணைப்பு.