வேட்டைக்களம் புகலிடமான வரலாறு

இராசத்தான் மாநிலத்துப் பரத்பூர் நகரை அடுத்துள்ள கேவலாதேவ் பறவைகள் பூங்காவினுள், சிவன் கோயிலின் அருகே ஒரு கல்வெட்டு உள்ளது. எந்நாளில், எந்த விருந்தினர் வந்தபோது எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்பதை அது பெருமையுடன் பட்டியலிடுகிறது. 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில் வீழ்ந்தவை 4,273 பறவைகள்.

மழைநீர் தேங்கிய அத்தாழ்நிலத்திற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அஜான் அணையிலிருந்து கால்வாய்வழி நீர் கொணரப்பட்டது. குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து வலசை வரும் வாத்துகளை வேட்டையாடுவதே அதன் நோக்கம். மன்னரும் அவர்தம் விருந்தினரும் சுடுவதற்கென்றே அந்நீர்நிலை காக்கப்பட்டது.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் 1887, 1912 ஆகிய ஆண்டுகளில் பறவைகளைக் காக்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இனப்பெருக்கக் காலத்திற்குத் தடை விதித்த அச்சட்டங்கள், ஏனைய மாதங்களில் வேட்டைக்கு வழிவிட்டன. விடுதலைக்குப் பின் 1956இல் பரத்பூர் ஏரி பறவைகள் சரணாலயமாயிற்று. ஆயினும் மன்னரின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது.

அவ்வாண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதிலும் வேட்டை உரிமங்களுக்கு இடமிருந்தது. உரிமம் பெற்றோர் வேட்டையாடும் காப்பிடங்களை மாநில அரசு அறிவிக்கலாம் என்று அதன் 36ஆம் பிரிவு கூறியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அப்பிரிவை நீக்கியது. எக்காலத்தில் கொல்லலாம் என வரையறுத்த சட்டம், கொல்லத்தான் வேண்டுமா எனக் கேட்பதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இவ்வரலாற்றில் துயரமும் உண்டு. 1982இல் கேவலாதேவ் தேசியப் பூங்காவானபோது கால்நடை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. வாழ்வுரிமை இழந்த சிற்றூர் மக்கள் எதிர்த்தனர். காவலர் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். எருமைகள் மேயாமையால் புல் பெருகி நீர்ப்பரப்பை மூடிற்று. பறவைகளுக்கும் அது இடையூறாயிற்று என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

1985இல் கேவலாதேவ் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கல்வெட்டு அகற்றப்படவில்லை. அன்று பெருமைக்காகப் பொறித்த எண்களை இன்று படிப்போர் நாணித் தலை குனிகின்றனர். அம்மாற்றத்தைச் சட்டம் மட்டும் தந்துவிடவில்லை. மனிதரின் மனமும் மாறியிருக்கிறது. எனினும், பறவைக்குக் காட்டும் இரக்கம் அதன் அருகில் வாழும் ஏழைக்கும் எட்டும்போதே அறம் நிறைவுறும்.