சைக்கிளும் வெள்ளைத்திரையும்: கோல சிலாங்கூர் தோட்டங்களில் ஆசைப்பட்ட பொருட்களின் கதை

இன்றைக்குக் கைபேசியைத் திறந்தால் 'நீங்கள் அவசியம் வாங்க வேண்டிய பத்துப் பொருட்கள்' என்று யாரோ ஒருவர் சிரித்தபடி பேசுகிறார். அடுத்து நகைச்சுவைத் துணுக்கு, அதற்கடுத்துப் புடவை விற்பனை. இது ஏதோ புதிய வியாதி என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நம் தோட்டத்து மக்களுக்குப் பொருள் மீதும் கேளிக்கை மீதும் ஆசை வந்தது நேற்றல்ல. அந்த ஆசைக்காக அவர்கள் அடியும் வாங்கியிருக்கிறார்கள்.

பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா), ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் என்று நீளும் இந்தப் பகுதியில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலாயாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்ட இடம் அதுதான். 1917இல் நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் 'மலேசி' என்ற நாவலை எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கினார். தோட்டத்தின் பெயரே தமிழ். ஆனாலும் அங்கே வேலை செய்த தமிழனின் ஒருநாள் கூலி 1930களில் ஐம்பது காசை ஒட்டித்தான் நின்றது. விலை வீழ்ச்சிக் காலத்தில் அதற்கும் கீழே போனது.

அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து ஒருவன் என்ன வாங்குவான்? பெரிய கனவு சைக்கிள்தான். லயத்திலிருந்து அஞ்சடிக்கும் பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கும் நடந்தே போய் வந்தவனுக்கு அது வெறும் வண்டி அல்ல. பெரட்டுக்கு நிற்கும் வரிசையிலிருந்து கொஞ்ச நேரமாவது விலகி, தன் விருப்பத்துக்கு எங்காவது போய்வர அது உதவியது. மணி, விளக்கு, மினுமினுப்பான கைப்பிடி எல்லாம் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டைல் என்ற சொல் அப்போது லயத்துக்கு வந்திருக்காது, விஷயம் வந்துவிட்டது.

இதில்தான் சிக்கல். எதிரே வெள்ளைக்கார தொரையோ கிராணியோ வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். வண்டி அவனுடையது, காசு அவனுடையது, ரோட்டில் மட்டும் அவன் கூலி. இறங்காதவனைக் கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏச வேண்டியதுகூட இல்லை, மறுநாள் காலைப் பெரட்டில் அவனுக்குத் தெரிந்துவிடும்.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கோல சிலாங்கூர் தோட்டங்களுக்கும் பரவியது. 'தமிழ்நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாக அதன் முகமானார். கோரிக்கைப் பட்டியல் நமக்குப் பழக்கமானதுதான்: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவம், கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை. இவற்றோடு ஒரே வரிசையில், வெள்ளைக்காரர் முன்னும் ஆசிய ஊழியர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் இருந்தது.

வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள், கூலி பெரிது, சைக்கிள் சின்ன விஷயம் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவன் தன் காசில் வாங்கிய அழகான பொருளை வைத்துக்கொள்ளும் விதத்தில்தான் இன்னொருவன் அவனை எந்த இடத்தில் வைத்திருக்கிறான் என்பது தெரிகிறது. மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது, ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் இறங்கியது. அதிலும் ஒரு பகுதி சைக்கிளில்தான் முன்னேறி வந்தது! யாருக்காக இறங்க வேண்டும் என்ற சட்டமெல்லாம் மாறிப்போனது.

போருக்குப் பிறகு வந்தது திரை. 1946இல் மலாயன் ஃபிலிம் யூனிட் தொடங்கப்பட்டது. அதன் படங்களோடு தகவல் இலாகா வேன்கள் தோட்டம் தோட்டமாகப் போயின. வேனில் ஜெனரேட்டர், புரொஜெக்டர், ஒலிபெருக்கி, திடலில் இரண்டு கம்புக்கு நடுவே வெள்ளைத்துணி. எமர்ஜென்சிக் காலம் வேறு, ஆகவே படத்தில் கம்யூனிஸ்டுகள் மோசம், சுகாதாரம் முக்கியம், அரசாங்கம் நல்லது என்று பாடம் இருக்கும். தமிழ் விளக்கக் குரலும் உண்டு. மக்கள் பாயை விரித்து உட்கார்ந்து பிரச்சாரத்தைப் பொறுத்துக்கொண்டார்கள், படம் ஓடுகிறதே! இன்றைக்கு ஒரு வீடியோவுக்காக இரண்டு விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்கிறோம், அதே கணக்குதான்.

துணி வியாபாரி தலைச்சுமையோடும் சைக்கிளோடும் லயம் லயமாக வருவார். கடன் கணக்கு நோட்டில் ஏறும், சம்பள நாளில் வசூல். பவுடர், கண்ணாடி வளையல், புது ரக நைலான் என்று அன்றைய புதுமை அவர் மூட்டையிலிருந்துதான் லயத்துப் பெண்களிடம் போனது. வியாபாரிக்கும் விளம்பர வேனுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். ஆனால் திரையில் நடிகையின் புடவையைப் பார்த்த கண்தான் மறுநாள் மூட்டையைத் துழாவியது.

1963 டிசம்பர் 28இல் தொலைக்காட்சி தொடங்கியது. லயத்தில் மின்சாரம் சில மணி நேரந்தான், அதனால் கார் பேட்டரியில் பெட்டியை ஓட்டிய வீடுகளும் உண்டு. யார் வீட்டில் பெட்டி இருந்ததோ அங்கேதான் கூட்டம். 1980களில் வீடியோ கேசட், 1996இல் ஆஸ்ட்ரோவும் அதன் வானவில்லும். இதற்குள் தோட்டங்களில் பலவற்றில் செம்பனையும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வந்தாயிற்று, நம் சனங்கள் பெரும்பாலும் பட்டணத்து அடுக்குவீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

2020 ஊரடங்கில் பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு–பவித்ரா தம்பதி சாதாரணச் சமையலறையில் நின்று மலாயில் பேசியபடி சமைத்த வீடியோக்கள் நாடு முழுக்கப் பிரபலமாயின. விலையுயர்ந்த அடுப்போ ஆடம்பரப் பாத்திரமோ அதில் இல்லை. தோட்டப்புறச் சமையலை ஒளிக்காமல் காட்டினார்கள், அதற்காகவே சகல இனத்தாரும் பார்த்தார்கள். வேன் வந்து நமக்குப் படம் காட்டிய காலம் போய் நாமே காட்டும் காலம் வந்தது என்று அப்போது பலர் பேசினார்கள்.

கோல சிலாங்கூர் பக்கம் போனால் பழைய லயங்களில் சில இன்னும் நிற்கின்றன. இரவில் உள்ளே நீல வெளிச்சம் தெரியும், இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் கைபேசி பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் ஓரமாகச் சாத்தி வைத்த சைக்கிள்களும் உண்டு. மேலாளரின் ஜீப் எதிரே வரும்போது இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நம்மில் யாரும் இன்னும் எழுதவில்லை.