தட்டி மறைப்பும் சட்டப் பிரிவுகளும்

ஆரணியைச் சுற்றியுள்ள காலனிகளில் பல வீடுகளுக்குக் குளியலறை என்பது இன்றும் நாலு கழியும் ஒரு பழைய புடவையும்தான். பட்டுக்குப் பேர்போன ஊரில் மறைப்புக் கட்ட நூல் புடவைதான் மிஞ்சுகிறது.

2021இல் அப்படி ஒரு மறைப்புக்குள் குளித்துக்கொண்டிருந்த 15 வயதுப் பெண்ணை, ஊர்த் தெருவைச் சேர்ந்த 16 வயதுப் பையன் போனில் படம் பிடித்தான். இருவரும் ஒரே பள்ளி. ஊரடங்கில் பாடம் அனுப்புவதற்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவிலிருந்து பிரிந்து பையன்கள் மட்டும் இன்னொரு குழு வைத்திருந்தார்கள். அதில் போட்டான். கீழே சாதிப் பெயரைச் சேர்த்து ஒரு வரி எழுதினான். பிறகு யாரோ அதை அந்தப் பெண்ணுக்கே அனுப்பி வைத்தார்கள்.

அந்தத் தாயோடு நானும் காவல் நிலையம் போனேன். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். கேட்ட முதல் கேள்வியே "வீடியோவக் காட்டுங்க" என்பதுதான். மேசையைச் சுற்றி நின்று மூன்று பேர் பார்த்தார்கள். சாட்சியம் வேண்டும் என்று ஒருவர் தன் போனுக்கும் அனுப்பிக்கொண்டார். போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையில்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். நான் எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் பெரிய கேசுக்கும்மா" என்றார்கள்.

அந்தரங்கம் என்பது வசதி உள்ளவர்களின் கவலை என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்வதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1947 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் அடிப்படை உரிமைகளுக்காக எழுதிக் கொடுத்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில், மக்களின் உடலும் வீடும் தாள்களும் உடைமைகளும் காரணமற்ற சோதனையிலிருந்து காக்கப்பட வேண்டும் என்ற உரிமை இருந்தது. கே. எம். முன்ஷியும் அதே மாதம் இதைப் போன்ற ஒன்றை முன்வைத்தார். அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் பி. என். ராவும் எதிர்த்தார்கள். புலன் விசாரணைக்கு இடைஞ்சலாகும் என்பது அந்த எதிர்ப்பின் சாரம். உரிமை கைவிடப்பட்டது. 1954இல் எம். பி. சர்மா வழக்கில், நம் அரசமைப்பில் அப்படி ஓர் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அதைத் திருத்தும்வரை, அம்பேத்கர் கேட்டது 70 ஆண்டுகள் காத்திருந்தது. இடையில் 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் வீடு வீடாகக் காவல்துறை புகுந்து சூறையாடியதை நாம் மறக்கவில்லை. கதவுக்கு மதிப்பில்லாமல் போனால் முதலில் யார் வீட்டுக்குள் பூட்ஸ் கால் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இணையத்துக்கென்று வந்த சட்டத்தின் கதையும் கோணலாகத்தான் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இதற்கு இருந்தது 67ஆம் பிரிவு. அது பார்த்தது 'ஆபாசத்தை'. படத்தில் இருப்பவள் சம்மதித்தாளா என்பது அதற்குப் பொருட்டில்லை. 2004இல் டெல்லியில் பள்ளி மாணவன் ஒருவன் எடுத்த அந்தரங்க வீடியோ எம்எம்எஸ் வழியாகப் பரவி, பாசி டாட் காம் தளத்தில் விற்பனைக்கே வந்தது. நாடு முழுக்க விவாதம், தளத்தின் தலைவர் கைது, எட்டு ஆண்டு வழக்கு. அத்தனை சட்டச் சண்டையும் தளத்துக்கும் அரசுக்கும் நடுவேதான். 'சம்மதமின்றி' என்ற சொல்லோடு 66இ பிரிவும், குழந்தைகளுக்கான 67பி பிரிவும் 2009 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன.

சரி, பிரிவுகள் வந்துவிட்டன. அவற்றைக் கையாளும் கைகள்? 2019இல் பொள்ளாச்சியில் புகார் கொடுத்த 19 வயது மாணவியின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது மதுரைக் கிளை. ஐந்து ஆண்டுகள் கழித்து 2024 டிசம்பரில், அண்ணா பல்கலைக்கழக மாணவியின் அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம். அந்த மூன்று பேர் நின்ற மேசை என் கண்ணில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

சாதியை எங்கே எழுதுவது என்பது அடுத்த சண்டை. வாட்ஸ்அப் குழு 'பொதுப்பார்வையில்' வராது என்றார்கள். இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்த இழிசொல்லும் வன்கொடுமைச் சட்டத்துக்குள் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2022இல். நாங்கள் நிலையத்தில் நின்றபோது அந்தத் தீர்ப்பு கையில் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின் அட்டவணையில் மறைந்திருந்து படம் பிடிக்கும் குற்றம் இருக்கிறது. அது பொதுப்பார்வை கேட்பதில்லை.

பையனை என்ன செய்வது? காலனியில் கேட்டால் "உள்ளே தள்ளு" என்பார்கள். கோபம் நியாயம்தான். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. சிறுவர்களை உள்ளே தள்ளும் சட்டத்தில் முதலில் விழுவது நம் பிள்ளைகள். ஆதிக்கச் சாதிப் பெண்ணைக் காதலித்த தலித் இளைஞர்கள் மீது போக்சோ எப்படிப் பாய்கிறது என்று களத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் ஆலோசனை, சமூக சேவை, பெற்றோருக்கு அபராதம் ஆகியவை அவனுக்குப் போதும். என் சண்டை வேறு இடத்தில். 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றம் அல்லாத வழக்கில், பெரியவர் யாரும் உடனில்லாதபோது, சிறுவன் மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. நாட்குறிப்பில் எழுதி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். நல்ல விதி. ஆனால் வன்கொடுமைச் சட்ட நிவாரணத்தின் முதல் தவணை அந்த முதல் தகவல் அறிக்கையோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அவனுக்குக் காட்டிய இரக்கத்தின் செலவை அவள் கட்டுகிறாள்.

இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். நாட்குறிப்புப் பதிவே நிவாரணத்துக்குப் போதும் என்று விதி வர வேண்டும். படத்தை நீக்கும் கோரிக்கையை அன்றைக்கே நிலையத்திலிருந்து அனுப்ப வேண்டும். அந்தரங்கப் படத்தை 24 மணி நேரத்துக்குள் தளங்கள் எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்லியிருந்தும், அதைக் கேட்டு எழுதும் வேலை எங்கள் தலையில்தான் விழுந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்ததே என்பார்கள். தனிப்பட்ட, வீட்டுக் காரியங்களுக்காக ஒருவர் கையாளும் தரவை அது தொடாது. பெரிய நிறுவனங்களுக்கு எழுதிய சட்டம் அது. வகுப்புத் தோழன் கையில் இருக்கும் போனுக்கு எழுதியதல்ல.

பையன் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். அவள் பள்ளி மாறினாள். அவளுக்கு வீடியோ வந்த போனைச் சாட்சியப் பொருள் என்று நிலையத்தில் வாங்கி வைத்தார்கள். வீட்டில் இருந்த ஒரே போன் அது. ஆன்லைன் வகுப்புக்காக, தார் சுற்றும் வேலையில் முன்பணம் வாங்கி அவள் அம்மா வாங்கியது. போன் திரும்பி வரவில்லை. வாரக் கூலியில் பிடித்தம் மட்டும் அடுத்த தீபாவளி வரை போனது.