போர்க்காலத்தில் பிறந்த இரண்டு கல்லூரிகளும் எங்கள் பிள்ளைகளின் பௌதிகவியலும்

செட்டிகுளம் உறவுகளே, குறிப்பாக உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளின் உம்மா வாப்பாமாரே,

பொறியியல் பீடத்துக்குப் புள்ளி போதவில்லை என்றால் பிள்ளையின் படிப்பே முடிந்த மாதிரிக் கவலைப்படுகிறோம். விஞ்ஞான பீடம் கிடைத்தால், "சின்னக் கெம்பஸ், பௌதிகவியல் படிச்சு என்ன வேலை?" என்கிறோம். அந்தச் சின்னக் கெம்பஸ்கள் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த வருடம், 1991இல், வவுனியாவில் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1997இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. மன்னார் வீதியில் பம்பைமடுவில் நாங்கள் பஸ்ஸில் கடந்து போவது அதைத்தான்.

கிழக்கிலும் இதே கதை. போரினால் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாமல் போன மாணவர்களுக்காக 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் அதற்காகப் பாடுபட்டார். மறு வருடமே அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அங்கே பௌதிகவியல் படிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் படிக்கலாம்.

வெடிச்சத்தத்துக்கு நடுவிலும் பிள்ளைகளின் படிப்பு நிற்கக் கூடாது என்று கட்டியவை இவை. பெரிய இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று சொல்வது நியாயமில்லை.

சரி, வேலை? வளிமண்டலவியல் திணைக்களத்துக்குப் பௌதிகவியலும் கணிதமும் படித்தவர்கள் தேவை. அதன் நிலையம் ஒன்று வவுனியாவிலேயே இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சையில் கதிர்வீச்சின் அளவைக் கணிப்பவர் மருத்துவப் பௌதிகவியலாளர். அதற்கான பட்டப்பின் படிப்பு பேராதனையில் உண்டு. மன்னார்த் தீவில் 2020இல் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. சுமார் 100 மெகாவாட் மின்சாரம். சூரிய மின்கலம் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையே ஆய்வு செய்கிறது. கணினி, வங்கித் துறைகளிலும் கணக்கோடு யோசிக்கத் தெரிந்தவருக்கு இடம் உண்டு. பட்டம் மட்டும் போதாது. ஆங்கிலமும் கணினியும் சேர வேண்டும்.

மன்னாருக்கு எதிர்க்கரையான இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் 1954இல் திருச்சி சென் ஜோசப் கல்லூரியில் முடித்ததும் பௌதிகவியல்தான். விமானப் பொறியியல் அதற்குப் பிறகுதான் வந்தது.

எல்லாவற்றையும் விட எங்களுக்கு அவசரமான வேலை ஒன்று இருக்கிறது: ஆசிரியர் வேலை. கிராமப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை என்றால் கணிதப் பிரிவு நடத்த முடியாது. பிள்ளை நகரத்துக்குப் போக வேண்டும்; பஸ் காசும் டியூஷன் காசும் இல்லாத வீட்டுப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, வேறு பிரிவுக்கு மாறிவிடும். பிறகு ஆசிரியர் எங்கிருந்து வருவார்? இந்த வட்டத்தை வெளியூர் ஆள் வந்து உடைக்கப் போவதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர் படித்துத் திரும்பி வந்தால் உடையும்.

பெறுபேறு வரும்போது விஞ்ஞான பீடம் கிடைத்த பிள்ளையைத் தலை குனிய வைக்காதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வருடத்துக்கு ஒரு பிள்ளையின் பயணச் செலவையாவது பொறுப்பெடுக்கலாம். இன்ஷா அல்லாஹ், பத்து வருடத்தில் எங்கள் வகுப்பறைகளில் பலன் தெரியும்.