பாரிஸ் மணவிழாத் தீ

பின்னாளில் பதினாறாம் லூயி மன்னனான பிரெஞ்சு இளவரசனுக்கும் ஆஸ்திரியாவின் மேரி அன்டாய்னெட்டுக்கும் 1770 மே 16-ஆம் நாள் திருமணம் நடந்தேறியது. மே 30 இரவு, பாரிஸ் நகரில் பதினைந்தாம் லூயி சதுக்கத்தில் மக்களுக்கென வாணவேடிக்கை. வாண மேடையில் தீப்பற்றவே, அஞ்சிய கூட்டம் ராயல் தெருவுக்குள் பாய்ந்தது. அங்கே பிரபுக்களின் குதிரை வண்டிகள் வழியடைத்து நின்றன. பள்ளங்கள் மூடப்படாமல் கிடந்தன. தீயில் கருகியோரினும் மிதியுண்டு மாண்டோரே மிகுதி. அரசுக் கணக்கு 132 பேர். இளைஞர்களே, அவர்களுள் வண்டியேறி வந்தவர் எத்தனை பேர், நடந்து வந்தவர் எத்தனை பேர்?

இளவரசன் தன் மாதப்படியை நிவாரணத்திற்கு அனுப்பினான். அதை மறைப்பது நேர்மையன்று. மாண்டோர் மதலேன் இடுகாட்டில் புதைக்கப்பட்டனர். 1793-இல் அதே சதுக்கத்தில் தலை வெட்டுண்ட அரசனும் அரசியும் அவ்விடுகாட்டிலேயே புதையுண்டனர். 1815-இல் அவ்விருவர் எலும்புகள் மட்டும் செயின்ட் டெனிஸ் அரச கல்லறைக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன.