அருவி ஆறு

அநுராதபுரத்தின் அருகாக ஓடி மன்னார்க் கடலிற் கலக்கும் ஆறொன்றுக்கு மூன்று பெயர்கள் உண்டு. பாளி நூலான மகாவம்சம் அதனைக் கதம்ப நதி என்கிறது. விஜயனின் அமைச்சருள் ஒருவனான அநுராதன் அதன் அருகே ஊர் அமைத்தான் என்பது அந்நூல் தரும் செய்தி. சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்பர். மல் என்றால் பூ, வத்த என்றால் தோட்டம். மன்னார்த் தமிழருக்கோ அது அருவி ஆறு. 164 கிலோமீற்றர் நீளமுடைய இது, மகாவலிக்கு அடுத்ததாக இலங்கையின் நீண்ட ஆறாகும்.

மலையிலிருந்து வீழ்வதையே அருவி என இலக்கியங் கற்றோர் கொள்வர். எங்கள் நானாட்டான் பகுதியில் மலையேது? ஆயினும் மாரி தொடங்கியதும் என் அப்பாச்சி, "அருவி வந்திட்டுது" என்பார். ஆறு என்ற சொல்லை அவர் சேர்ப்பதேயில்லை. கோடையில் மணலாய்க் கிடந்த படுகை, ஓரிரவில் கரைமுட்டப் பெருகும் வரவையே அச்சொல் அவருக்குக் குறித்தது.

ஆற்றை மறித்த இடத்தைத் தேக்கம் என்றனர் எம் முன்னோர். அங்கிருந்து வாய்க்கால் வழியே நீர் பெறும் குளம் கட்டுக்கரைக் குளம். ஆங்கிலேயர் அதனை இராட்சதக் குளம் எனப் பொருள்பட அழைத்தனர். எம்மவரோ உழைப்பையே பெயராக்கினர்.

அப்பப்பாவின் வயல் உறுதியிலே "கிழக்கெல்லை அருவி ஆறு" என்றிருக்கிறது. 1990இல் கடல் கடந்து மண்டபம் முகாமை அடைந்தபோது, எங்களிடம் எஞ்சியிருந்தது அவ்வுறுதி ஒன்றே. பல ஆண்டுகளின் பின் மீண்டோம். வேலியில்லை, எல்லைக் கல்லுமில்லை. வயலைப் பற்றை மூடியிருந்தது. ஆற்றிலிருந்து அளந்தே வரம்பு பிடிக்கவேண்டியிருந்தது. ஆனால், எமக்குக் காட்டப்பட்ட வரைபடத்தில் மல்வத்து ஓயா என்ற பெயர் மட்டுமே இருந்தது. உறுதியிற் கண்ட ஆறு இதுவேயென ஊர் முதியவர்கள் மூவர் வந்து சாட்சி கூறிய பின்னரே காணி எங்கள் கைக்கு வந்தது.

மூன்று பெயர்களும் அந்த ஆற்றுக்கு உரியவையே. கதம்ப நதியில் ஒரு தலைநகரின் தொடக்கம் இருக்கிறது. மல்வத்து ஓயாவில் அயலவரின் பூந்தோட்டம் மணக்கிறது. அருவி ஆற்றில் எங்கள் வயலின் எல்லை இருக்கிறது. மூன்றையும் ஒரே வரைபடத்தில் எழுத இடம் போதும். அன்று சாட்சி சொன்ன மூவரும் இன்று உயிரோடில்லை. இனி அச்சாட்சியை எழுத்துத்தான் சொல்லவேண்டும்.