மேலாடையும் சட்டமும்

பொதுவிடத்தில் ஒருவர் தம் உடலை வெட்கக்கேடான முறையில் வெளிக்காட்டுவது இலங்கையில் குற்றமாகும். ஆங்கிலேயர் 1841ஆம் ஆண்டில் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் அதனைத் தண்டனைக்குரியதாக்கியது; அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது பிறந்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலவிய வழக்கமோ இதற்கு நேர்மாறானது. அங்கே சிலருக்கு உடலை மறைப்பதே குற்றமாக எண்ணப்பட்டது.

ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் சட்டை அணியலாகாது. சேலைத் தலைப்பைத் தோளிற் போடலாகாது. மார்பைச் சுற்றித் துணியை வரிந்து கட்டும் குறுக்குக்கட்டே அவர்களுக்கு உரியது என்றனர் ஊரார். ஆடவர் தோளிற் கிடந்த சால்வை, எதிரே 'பெரியவர்கள்' வந்தால் அரைக்கு இறங்க வேண்டும். இவ்விதி சட்டப் புத்தகத்தில் நின்றதன்று. அடிக்கும் வசைக்கும் அஞ்சிய அச்சத்தில் நின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தளித்தார். அதில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. எழுதப்பட்டிருந்த அடிமைமுறையை 1844இல் ஒரு கட்டளைச் சட்டத்தால் நீக்க முடிந்தது. எழுதப்படாத ஆடைவிதியோ இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் நுழைந்தது. ஏட்டில் இல்லாத ஒன்றை எந்த நீதிபதி தள்ளுபடி செய்வார்?

கடலுக்கு அப்பால், திருவிதாங்கூரில், அரசே இதில் நேரடியாகத் தலையிட்டது. சாணார் குலப் பெண்கள் தோட்சீலை அணியலாகாது என 1829இல் அரச ஆணை பிறந்தது. கிறிஸ்தவராகியோர் குப்பாயம் என்னும் சட்டை மட்டும் அணியலாம். கலகங்கள் மூண்டன. 1859இல் சென்னை ஆளுநர் திரெவெலியன் வற்புறுத்தவே, சாணார் பெண்கள் யாவரும் மார்பை மறைக்கலாம் என மன்னர் அறிவித்தார். அப்போதும், மேற்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்னும் நிபந்தனை விடவில்லை! நாணத்தைக் காப்பதன்று, தரவரிசையைக் காப்பதே நோக்கம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலினுள் ஆடவர் மேலாடை களைந்தே செல்கின்றனர். அதனை எவரும் இழிவென எண்ணுவதில்லை. இறைவன்முன் தாமே பணிந்து களைவது அது. வீதியில் மற்றொரு மனிதன்முன் களையப் பணிக்கப்பட்டவனுக்கோ அத்தெரிவு இருக்கவில்லை.

சாதி காரணமாக ஒருவர்மீது சமூகக் குறைபாட்டைச் சுமத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. உடலைக் காட்டியவனைத் தண்டிக்க விதி செய்து அதற்குள் 116 ஆண்டுகள் கழிந்திருந்தன.